கரண்ட் போனால் சோலாரும் ஏன் நிற்கிறது? மொட்டைமாடி இன்வெர்ட்டர் பற்றி ஒரு கேள்வியும் தொடர்ந்த குறிப்புகளும்

2024 ஏப்ரல் 22, காலை (கேள்வி)

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சென்ற மாதம் 3 கிலோவாட் சோலார் பொருத்தினோம். இன்று மாதாந்திரப் பராமரிப்பு என்று சொல்லிக் காலை 9 மணிக்கு மின்வாரியம் கரண்டை நிறுத்திவிட்டது. வெயில் கொளுத்துகிறது, பேனல்கள் கண்ணைக் கூசவைக்கின்றன, ஆனால் வீட்டில் ஒரு மின்விசிறிகூடச் சுழலவில்லை. புது இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. பொருத்தியவரைக் கேட்டால் "அது அப்படித்தான் சார்" என்கிறார். பக்கத்து வீட்டில் பத்து வருடப் பழைய இன்வெர்ட்டர் ஒன்று, தண்ணீர் ஊற்றும் பேட்டரியோடு, இரண்டு மின்விசிறிகளை ஓட்டிக்கொண்டிருக்கிறது. அது செய்யும் வேலையை இரண்டு லட்சம் போட்டு வாங்கியது செய்யாதா? எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

2024 ஏப்ரல் 22, மாலை (பதில்)

பொருத்தியவர் உங்களை ஏமாற்றவில்லை, பெயர்தான் ஏமாற்றியிருக்கிறது. 2008-ஐ ஒட்டித் தொடங்கிய மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்த பேட்டரிப் பெட்டிக்கு நாம் இன்வெர்ட்டர் என்று பெயர் வைத்துவிட்டோம். அதனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் கரண்ட் போகும்போது கைகொடுப்பது என்ற பொருளே மனத்தில் எழுகிறது. குளிர்சாதனக் கடைக்காரர் "இன்வெர்ட்டர் ஏசி" என்று சொல்வது மூன்றாவது பொருள், அதற்கும் மின்தடைக்கும் தொடர்பே இல்லை. ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டத்தை, திசை மாறி மாறி ஓடும் மாறுமின்னோட்டமாக மாற்றும் எந்தச் சாதனமும் இன்வெர்ட்டர்தான். அது யாருக்காக, எதன் கட்டளைப்படி மாற்றுகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

உங்கள் மாடியில் இருப்பது மின்தொகுப்போடு, அதாவது மின்வாரியத்தின் கம்பி வலையோடு, இணைந்து ஓடுவது. கடைக்காரர்கள் ஆன்-கிரிட் என்பார்கள். கும்பகோணத்துக்காரன் என்பதால் கச்சேரி உவமைதான் எனக்கு வருகிறது. தம்புராவின் சுருதியைக் கேட்டு, அதில் தன் குரலைச் சேர்த்துப் பாடும் பாடகர் போன்றது அந்தச் சாதனம். வெளியிலிருந்து வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அலை எந்த நொடிப்பின்னத்தில் சுழியைக் கடக்கிறது என்று அதற்குள் இருக்கும் சுற்று இடைவிடாமல் பார்த்து, தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே, அந்த அலையோடு ஒட்டித் தன் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. தம்புரா நின்றால் இதுவும் வாயை மூடிக்கொள்ளும். அப்படி மூடிக்கொள்ள வேண்டும் என்பது விதியும்கூட.

விதிக்குக் காரணம் கம்பத்தின் மேல் இருக்கிறது. லைன்மேன் டிரான்ஸ்பார்மரை அணைத்துவிட்டு, கம்பி செத்துவிட்டது என்ற நம்பிக்கையில் ஏறுகிறார். உங்கள் மாடி அப்போதும் தெருக் கம்பிக்கு 230 வோல்ட் ஊட்டிக்கொண்டிருந்தால், அது அதே டிரான்ஸ்பார்மரில் எதிர்த்திசையில் ஏறி 11,000 வோல்ட்டாக மறுபக்கம் வெளிப்படலாம். இன்று காலை சுழலாத உங்கள் மின்விசிறி ஒருவரது உயிருக்காக நின்றிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஏப்ரல் 23

நேற்று எழுதியதில் ஒரு விடுபாடு. மின்தொகுப்பு இருக்கிறதா, இல்லையா என்பது இன்வெர்ட்டருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். வெறும் வோல்டேஜைப் பார்த்து முடிவு செய்தால் போதாது. தெருவில் கரண்ட் போன அந்தக் கணத்தில் தெருவின் மொத்தத் தேவையும் மாடிகளின் மொத்த உற்பத்தியும் தற்செயலாகச் சமமாக இருந்துவிட்டால், தெருவே ஒரு தனித்தீவாகி, ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இன்வெர்ட்டர் அவ்வப்போது அதிர்வெண்ணை மிக மெல்லத் தள்ளிப் பார்க்கிறது. பின்னால் மின்தொகுப்பு இருந்தால் மலையைத் தள்ளியதுபோல ஒன்றும் அசையாது. தனித்தீவாக இருந்தால் அதிர்வெண் உடனே நகரும், அது நகர்ந்தவுடன் இன்வெர்ட்டர் விலகிக்கொள்ளும். இந்தத் திறனைச் சோதிக்கும் இந்தியத் தரம் ஐ.எஸ். 16169. உங்கள் சான்றிதழில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லைகளை மத்திய மின்சார ஆணையம் 2013-இல் வகுத்தது. வோல்டேஜ் 230-இன் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனாலும், 110 விழுக்காட்டுக்கு மேலே போனாலும் 2 நொடிகளுக்குள் விலக வேண்டும், அதாவது 184 முதல் 253 வோல்ட் வரை மட்டுமே அனுமதி. அதிர்வெண் 47.5 ஹெர்ட்ஸுக்குக் கீழேயோ 50.5-க்கு மேலேயோ போனால் 0.2 நொடிக்குள். கரண்ட் வந்தபின் 5 நிமிடம் காத்திருக்கும் என்று உங்களிடம் தனிச்செய்தியில் சொல்லியிருந்தேன், அது தவறு. நிலைமை சீராகிக் குறைந்தது 60 நொடி கழிய வேண்டும் என்பதே விதி. 5 நிமிடம் என்பது என் வீட்டுச் சாதனத்தில் இருந்த அமைப்பு, அதையே நான் ஊருக்கெல்லாம் சட்டமாக்கிவிட்டேன்.

253 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஏப்ரல் 25

"பேட்டரி இன்வெர்ட்டரின் கரண்டைச் சோலார் இன்வெர்ட்டரின் மூக்குக்கு முன்னால் காட்டி, மின்தொகுப்பு இருக்கிறது என்று நம்பவைத்தால் என்ன?" என்று கேட்கிறீர்கள். இந்த யோசனை வராத சோலார் வீட்டுக்காரரே இல்லை. எனக்கும் வந்தது. செய்யாதீர்கள்.

பேட்டரிப் பெட்டி சதுர அலை தருவதாக இருந்தால் சோலார் இன்வெர்ட்டர் அதை மதிக்காது, அதோடு கதை முடிந்தது. மின்வாரியக் கரண்டைப் போன்ற நல்ல சைன் அலை தருவதாக இருந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் அது நம்பிவிடும். நம்பியதும் வெயிலில் வரும் 2,500 வாட்டையும் உள்ளே தள்ளும். வீட்டில் அப்போது ஓடுவது 150 வாட் மின்விசிறிகள். மீதி எங்கே போகும்? கொடுப்பதற்காக மட்டும் செய்யப்பட்ட பெட்டிக்குள் பின்வழியாக ஏறும். பேட்டரி கொதிக்கும், இல்லையென்றால் உள்ளிருக்கும் மாஸ்பெட்டுகள் (மின்னணு சுவிட்சுகள்) வெடிக்கும். ஜெனரேட்டரோடு இணைத்தாலும் இதே வகை ஆபத்துதான்.

2024 ஏப்ரல் 25, இரவு

மேலே "செய்யாதீர்கள்" என்று முடித்தது கொஞ்சம் மொட்டையாகிவிட்டது. இதையே முறையாகச் செய்யும் பேட்டரி இன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. பேட்டரி நிறைந்தவுடன் அவை தாம் உண்டாக்கும் அலையின் அதிர்வெண்ணை வேண்டுமென்றே கொஞ்சம் உயர்த்தும். அதைக் கேட்ட சோலார் இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். இருவருக்கும் இடையில் வேறு கம்பியே கிடையாது, பேச்செல்லாம் ஹெர்ட்ஸில்தான். கரண்ட் போனதும் வீட்டைத் தெருவிலிருந்து துண்டிக்கும் சுவிட்சும் அவற்றுக்குள்ளேயே இருக்கும். சோலாருக்கும் பேட்டரிக்கும் ஒரே பெட்டியாக, ஹைப்ரிட் என்று விற்பதிலும் அந்தத் துண்டிப்பு இருக்கும். ஆனால் மாதத்தில் ஒரு பகல் நேரத் தடைக்காக அவ்வளவு செலவு தேவையா என்பதை நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும். என்னைக் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கும் அந்தப் பழைய பெட்டியைப் போல ஒன்றை வாங்கி இரண்டு மின்விசிறிக்குத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

2024 மே 3

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கரண்ட் இல்லாத நேரத்தில் இன்வெர்ட்டரின் மூடியைத் திறந்து பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். கரண்ட் இல்லை என்பது வீட்டுப் பக்கத்துக்கு மட்டும்தான் பொருந்தும். மாடியிலிருந்து இறங்கும் கம்பியில் வெயில் இருக்கும்வரை உயிர் இருக்கும். உங்கள் 6 பேனல்களும் வரிசையாக இணைந்து ஏறத்தாழ 300 வோல்ட் நேர்மின்னோட்டமாக அங்கே நிற்கின்றன. மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைக் கடப்பதால் அதன் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு, நேர்மின்னோட்டத்தின் பொறிக்கு அந்த மூச்சுவிடும் நேரமே கிடையாது, பிடித்தால் நீண்டுகொண்டே போகும். சுமை ஓடும்போது பேனல் கனெக்டரைப் பிடுங்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

2024 மே 19, ஞாயிறு

இந்த முறை என் வீட்டுப் புகார். 2021-இல் பொருத்திய என் 3 கிலோவாட் இன்வெர்ட்டர் இந்தக் கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மதியம் விட்டுவிட்டு நிற்கிறது. திரையில் 254 வோல்ட் காட்டி, பிழை என்று சொல்லி, விலகிக்கொள்கிறது. சில நிமிடங்கள் கழித்துச் சேர்கிறது, மெல்ல ஏறுகிறது, மறுபடி 254, மறுபடி விலகல். பதினொன்றரை மணி முதல் இரண்டரை மணி வரை இதே வேலை, நன்றாக உற்பத்தியாக வேண்டிய நேரமெல்லாம் இப்படியே போகிறது.

2024 மே 20

ஞாயிறு மட்டும் ஏன் என்பது புரிந்துவிட்டது. தெருமுனையில் இருக்கும் பாத்திரப் பட்டறைகள் அன்று விடுமுறை. அவற்றின் மோட்டார்கள் ஓடாததால் தெருவில் மின்சாரத்தை வாங்குவோர் குறைவு, வோல்டேஜ் உயர்ந்தே இருக்கிறது. அதோடு எனக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் சென்ற தையில் சோலார் போட்டார்கள். அவர்களும் ஏற்றுமதி செய்கிறார்கள், நானும் செய்கிறேன், வாங்க ஆள் இல்லை. டிரான்ஸ்பார்மரின் டேப்பை (வெளிவரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) ஒரு படி இறக்கித் தர வேண்டும் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு விரிவாக ஒரு மனு எழுதிவிட்டேன். பின்வீட்டுக்காரரிடமும் கொஞ்சம் முகம் சுளித்தேன்.

2024 மே 26, ஞாயிறு

மனுவைத் திரும்பப் பெறுகிறேன். பின்வீட்டுக்காரரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று.

ஒரு வாரமாகக் கண்ணுக்கு முன்னால் இருந்த தடயம் ஒன்றை நான் கவனிக்கவில்லை. இன்வெர்ட்டர் விலகிய அடுத்த நொடியே திரையில் 254 என்பது 246-ஆக இறங்கிவிடுகிறது. வோல்டேஜ் தெருவில்தான் உயர்ந்திருக்கிறது என்றால், நான் ஒருவன் விலகியதால் அது 8 வோல்ட் இறங்க வேண்டிய அவசியம் என்ன? இன்று மதியம் மனைவியை மாடியில் திரைக்கு முன் நிற்கவைத்துவிட்டு, நான் வாசலில் மீட்டர் பலகைக்கு முன் மல்டிமீட்டரோடு நின்று, கைப்பேசியில் பேசிக்கொண்டே ஒரே நேரத்தில் படித்தோம். மாடியில் 254, வாசலில் 247. விலகியதும் இரண்டிலும் 246. ஆக, தெருவுக்கு என்னால் ஏறியது 1 வோல்ட். மீதி 7 வோல்ட்டும் என் வீட்டுக்குள்ளேயே, என் சொந்தக் கம்பியில்.

எங்கள் வீடு பழைய அமைப்பு: அகலம் குறைவு, வாசலில் இருந்து கொல்லை வரை ரயில்பெட்டிபோல நீளம். மீட்டர் வாசல் திண்ணைக்கு மேல் இருக்கிறது, பேனல்கள் கொல்லைப்புற மாடியில் இருக்கின்றன. மாடி இறங்கி, கூடம் கடந்து, ரேழி வழியாக வாசலுக்கு வரும் கம்பியின் நீளம் ஏறத்தாழ 40 மீட்டர். போக, வர 80 மீட்டர். பொருத்தியவர் போட்டிருப்பது 2.5 ஸ்கொயர், அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள தாமிரக் கம்பி. அதன் தடை கிலோமீட்டருக்கு 8 ஓம் அளவில், 80 மீட்டருக்கு 0.64 ஓம். மதியம் ஓடுவது 10 ஆம்பியர், வெயிலில் காய்ந்த கம்பியின் தடை இன்னும் கொஞ்சம் கூடுதல். பெருக்கிப் பாருங்கள், 7 வோல்ட் வந்துவிடும்.

தண்ணீர் மேட்டில் இருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். இன்வெர்ட்டர் வாசலுக்கு மின்னோட்டத்தைத் தள்ள வேண்டுமென்றால் அதன் முனையில் வோல்டேஜ் வாசலைவிட உயரமாக இருந்தாக வேண்டும். கம்பி மெலிந்தால் மேடு உயரும். பாலிடெக்னிக்கில் முப்பது ஆண்டுகள் மின்னியல் பாடம் நடத்தியவன் ஓம் விதியை மறந்துவிட்டு மனு எழுதியிருக்கிறேன். என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

2024 ஜூன் 2, ஞாயிறு

6 ஸ்கொயர் கம்பிக்கு மாற்றியாயிற்று. இன்று மதியம் மாடியில் 250, வாசலில் 247. ஒருமுறைகூட விலகவில்லை. கம்பியில் வெப்பமாக வீணாகிக்கொண்டிருந்த 60 வாட்டுக்கு மேற்பட்ட இழப்பும் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது.

பொருத்தியவரைத் திட்டலாமா என்று யோசித்தேன். 10 ஆம்பியரைத் தாங்குமா என்ற அளவில் 2.5 ஸ்கொயர் தாராளமாகப் போதும். வயரிங் செய்பவர்கள் கம்பியைத் தேர்வு செய்வது அது சூடாகாமல் தாங்குமா என்ற கணக்கில்தான். வாங்கும் வீட்டில் 7 வோல்ட் குறைந்தால் மின்விசிறி ஒரு சுற்று மெதுவாகச் சுழலும், யாரும் கவனிக்க மாட்டார்கள். கொடுக்கும் வீட்டில் அதே 7 வோல்ட் கூடினால் 253 என்ற சுவரில் போய் முட்டும். கரண்ட் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதால் பழைய பழக்கம் புதிய பிழையாகிவிட்டது. ஆனால் மூன்று வருடம் ஓடிய பிறகுதான் இது தெரிந்தது என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது. பின்வீட்டுச் சோலார் வரும்வரை தெரு 243, 244-இல் இருந்திருக்க வேண்டும், என் 7 வோல்ட்டைச் சேர்த்தாலும் எல்லைக்குள் அடங்கியிருக்கும். ஆகவே பின்வீட்டுக்காரர்மேல் நான் சுளித்த முகத்தில் கால் பங்கு நியாயம் இருந்தது. அதை அவரிடம் சொல்லப்போவதில்லை.

2024 ஜூன் 9

"எல்லோர் வீட்டிலும் ஒரே எல்லையை வைத்தால், எல்லோரும் ஒரே நொடியில் விலகிவிட மாட்டார்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூர்மையான கேள்வி. ஜெர்மனியில் இதேதான் நடக்க இருந்தது.

வீட்டு மாடிக்கு ஏற்ற இன்வெர்ட்டர் வளர்ந்த மண்ணே அது. காசல் நகரில் 1981-இல் தொடங்கிய எஸ்.எம்.ஏ. நிறுவனம் 1995-இல் வெளியிட்ட சன்னி பாய்தான், பேனல்களை வரிசையாகக் கோத்து ஒரே பெட்டியில் சேர்க்கும் இன்றைய முறைக்கு முன்னோடி. மாடிச் சோலார் சொற்பமாக இருந்த காலத்தில், அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டால் இன்வெர்ட்டர்கள் உடனே விலக வேண்டும் என்று அங்கே விதி செய்தார்கள். 2011 முடிவில் அந்நாட்டுச் சோலார் 20 ஜிகாவாட்டைத் தாண்டியிருந்தது. திடீர் இழப்பை ஈடுகட்ட ஐரோப்பியப் பெருந்தொகுப்பு முழுவதும் சேர்ந்து வைத்திருந்த உடனடிக் கையிருப்போ 3,000 மெகாவாட். வெயில் நாளில் அதிர்வெண் 50.2-ஐ எட்டினால் அதைப்போலப் பல மடங்கு உற்பத்தி ஒரே கணத்தில் மறைந்திருக்கும். 2012-இல் தனி ஆணை பிறப்பித்து ஏறத்தாழ 3,15,000 நிலையங்களின் அமைப்பை மாற்றினார்கள். இப்போது அங்கே 50.2-ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் விலகுவதில்லை, உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கிறது.

ஒரு வீட்டில் பார்த்தால் பாதுகாப்பு, லட்சம் வீட்டில் பார்த்தால் ஆபத்து. நான் ஏப்ரலில் "உடனே வாயை மூடிக்கொள்ளும்" என்று பெருமையாக எழுதியதை இதோடு சேர்த்துப் படிக்கவும்.

2024 அக்டோபர் 27

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் அடுத்த பிரச்சினை. காலை 6.30-க்கு விழிக்க வேண்டிய இன்வெர்ட்டர் 9 மணிக்குத்தான் விழிக்கிறது. அதுவரை காப்புத்தடை குறைவு என்று பிழை காட்டுகிறது.

நம் வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இப்போது டிரான்ஸ்பார்மர் கிடையாது. எடையும் விலையும் குறைந்தன, திறன் 97 விழுக்காட்டுக்கு மேல் போனது, ஆனால் பேனலுக்கும் தெருக் கம்பிக்கும் இடையில் இருந்த காந்தச் சுவர் போய்விட்டது. அதனால் ஒவ்வொரு காலையும் இணைவதற்கு முன், பேனல் கம்பிகளில் இருந்து நிலத்துக்கு எங்காவது கசிவு இருக்கிறதா என்று அது சோதித்தாக வேண்டும். வெயில் ஏறிக் காய்ந்ததும் பிழை மறைகிறது என்றால் எங்கோ ஈரம் புகுந்திருக்கிறது என்று பொருள். தேடினேன். பேனலுக்கு அடியில் ஒரு கனெக்டர் கட்டு அறுந்து, மாடித்தளத்தில் தேங்கிய தண்ணீரில் கிடந்தது. துடைத்து, மாற்றி, சட்டத்தோடு கட்டி மேலே தூக்கியதும் மறுநாள் 6.40-க்கே விழித்துக்கொண்டது.

மழையில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது என்று எழுதியவருக்கு: பேனலின் கண்ணாடியும் அதன் சட்டமும் சேர்ந்து ஒரு பெரிய மின்தேக்கி, நனைந்தால் அதன் கொள்ளளவு கூடும், கசிவும் கூடும். உங்கள் வீட்டுக்கான 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் வழியாகவே சோலாரையும் இணைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

2025 பிப்ரவரி 8

இன்வெர்ட்டர் மொத்தமாகச் செத்துப்போனது. திறந்து பார்த்தவர் உள்ளேயிருந்து கருகிய பல்லி ஒன்றை எடுத்துக் காட்டினார். கம்பி நுழையும் துளையை அடைக்காமல் விட்டிருந்தார்கள். பஞ்சாங்கத்தில் பல்லி தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் என்று பலன் போட்டிருக்கிறது, சர்க்யூட் போர்டில் விழுந்தால் என்ன என்று போடவில்லை. பலன்: ஒன்பதாயிரம் ரூபாய்.

திறந்த நேரத்தில் மின்தேக்கிகளையும் பார்த்தோம். இரண்டின் தலை உப்பியிருந்தது. பேனல் ஒரே சீராகக் கொடுக்கிறது, ஒற்றை பேஸ் இணைப்போ நொடிக்கு 100 முறை நிறைய வாங்கி, 100 முறை ஒன்றும் வாங்காமல் நிற்கிறது. இடையில் ஒரு குடம் நிரம்பி வடிந்து, நிரம்பி வடிந்துகொண்டிருக்க வேண்டும், அந்தக் குடம்தான் மின்தேக்கி. 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. என் இன்வெர்ட்டர் மேற்குச் சுவரில், நிழலே இல்லாமல் தொங்குகிறது. கம்பி நீளத்தைக் குறைக்க நினைத்துப் பேனலுக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொன்னது நான்தான். மாலை வெயிலை அன்று யோசிக்கவில்லை. இப்போது மேலே ஒரு தகரக் கூரை போட்டிருக்கிறேன்.

2025 மே 1

ஏப்ரல் 28 அன்று நண்பகல் 12.33-க்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் மொத்தமாக இருண்டன. ஸ்பெயினில் 5 நொடிகளில் ஏறத்தாழ 15 ஜிகாவாட் மறைந்ததாக அந்நாட்டுப் பிரதமர் சொல்லியிருக்கிறார். சோலார் அதிகமான நண்பகல் என்பதால் எல்லோரும் நம் பெட்டிகளைக் கைகாட்டுகிறார்கள். எனக்கும் முதலில் தோன்றுவது அதுதான். அனல், நீர் நிலையங்களின் கனத்த சுழலிகள் சுழலும் வேகத்திலேயே கொஞ்சம் ஆற்றலைத் தேக்கிவைத்திருக்கும், தொகுப்பு தடுமாறினால் அதைத் தானாகக் கொடுக்கும். இன்வெர்ட்டரில் சுழல்வது விசிறி மட்டும்தான். தம்புராவைக் குறைத்துக்கொண்டு பாடகர்களை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் சுருதி யாரிடம் இருக்கும்?

2025 ஜூலை 6

மே 1 குறிப்பை அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஜூனில் ஸ்பெயின் அரசு வெளியிட்ட அறிக்கை சுழலிகளின் கனத்தைக் குற்றவாளியாக்கவில்லை. அது சொல்லும் காரணம், நான் ஒரு வருடத்துக்கு முன் என் மாடியில் பார்த்த அதே பூதம்: வோல்டேஜ் எல்லையைத் தாண்டி உயர்ந்தது, உயர்ந்ததால் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின.

ஆனால் பூதம் ஒன்றாக இருந்தாலும் குணம் நேர்மாறு, இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. என் வீட்டில் நான் விலகினால் வோல்டேஜ் இறங்கியது. அங்கே நிலையங்கள் விலக விலக அது மேலும் ஏறியது. தெருவிலும் வீட்டிலும் ஓடும் மெல்லிய கம்பியில் ஆட்சி செய்வது தடை, அதனால் உண்மையான வாட்டைத் தள்ளினால் வோல்டேஜ் ஏறும், நிறுத்தினால் இறங்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் உயரழுத்தத் தடங்களில் ஆட்சி செய்வது ரியாக்டிவ் பவர், அதாவது வேலை எதுவும் செய்யாமல் முன்னும் பின்னும் ஊசலாடும் மின்திறன். சுமை குறைந்த தடம் மின்தேக்கிபோல நடந்து வோல்டேஜைத் தூக்கும், அந்தத் தூக்கலை யாராவது ரியாக்டிவ் பவரை உள்வாங்கி அமுக்க வேண்டும். உள்வாங்கிக்கொண்டிருந்த நிலையமே விலகினால் அமுக்கும் கை ஒன்று குறையும், வோல்டேஜ் இன்னும் ஏறும், அடுத்த நிலையம் விலகும்.

அங்கிருந்த சோலார், காற்றாலை நிலையங்கள் விதிப்படி மாறாத பவர் ஃபேக்டரில், அதாவது வாட்டுக்கும் ரியாக்டிவ் பவருக்கும் இடையிலான விகிதத்தை மாற்றாமல், ஓடின. வோல்டேஜை அமுக்கும் கடமை மரபான நிலையங்களிடம் இருந்தது, அவையும் எதிர்பார்த்த அளவு உள்வாங்கவில்லை என்கிறது அறிக்கை. எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்: நவீன இன்வெர்ட்டரால் ரியாக்டிவ் பவரைக் கொடுக்கவும் முடியும், வாங்கவும் முடியும், அதுவும் மில்லிநொடிகளில். அந்த வேலையை அதனிடம் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவில் வீட்டு மாடி இன்வெர்ட்டரிடமே கேட்கிறார்கள். வோல்டேஜ் ஏறினால் அது முதலில் ரியாக்டிவ் பவரை உள்வாங்க வேண்டும், போதவில்லை என்றால் வாட்டைக் குறைக்க வேண்டும், விலகுவது கடைசி. என் வீட்டில் அப்படி இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் முழுதாக இழந்த மதியங்களில் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும். கம்பி மெலிவு என்ற உண்மையும் தெரியாமலே போயிருக்கும் என்பது வேறு விஷயம்.

தம்புரா உவமையையும் திருத்த வேண்டும். தானே சுருதி பிடித்துக் கொடுக்கும் இன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. மின்தொகுப்பின் அலைக்காகக் காத்திராமல், தானே அலையை உண்டாக்கி மற்றவர்களைத் தன்னோடு சேரவைப்பவை. நான் ஏப்ரல் 25 இரவு எழுதிய பேட்டரிக்காரர் அந்த இனம்தான், அப்போது அதை அப்படி யோசிக்கவில்லை.

2025 ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஹைப்ரிட் வாங்கவில்லையாம், இரண்டு மின்விசிறிக்குப் பழைய பெட்டி ஒன்றை ஆறாயிரத்துக்கு வாங்கிவிட்டாராம். இப்போது அவர் வீட்டில் இரண்டு இன்வெர்ட்டர்கள் இருப்பதால், எதைச் சொல்கிறோம் என்று தெரிவதற்காக ஒன்றை "மாடி", மற்றதைப் "பேட்டரி" என்று கூப்பிடுகிறார்களாம். 2024-லேயே இப்படிப் பெயர் வைத்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க வேண்டாம்.

இன்று எதிர்வீட்டில் சோலார் பொருத்துகிறார்கள். மத்திய அரசின் 78,000 ரூபாய் மானியம் வந்தபின் எங்கள் தெருவில் இது நான்காவது. காலையில் போய்ப் பார்த்தேன். அவர்கள் வீடும் எங்கள் வீடுபோலவே ரயில்பெட்டி, மீட்டர் வாசலில், பேனல் கொல்லையில். திண்ணையில் கம்பிச் சுருள் ஒன்று இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் மேல் அச்சிட்டிருந்த எண்ணைப் படித்தேன்: 2.5. வீட்டுக்குத் திரும்பி, அளவு நாடாவையும் மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். பொருத்த வந்த தம்பி முதலில் முறைத்தார், பிறகு தன் கைப்பேசியிலேயே பெருக்கிப் பார்த்தார். மதியத்துக்குள் கடைக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள்.

இப்போது மணி 12.20. என் வாசலில் 248, மாடியில் 251. எதிர்வீடு இன்னும் இணையவில்லை.